காற்றைப் பிடுங்கியவர்கள்

பிப்ரவரி 2, ஞாயிறு

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மதகுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரின் இடப்பக்கக் கண்ணாடியைத்தான் காணோம்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன்.

புஷ்பவல்லி வாசல் தெளிக்கும்போது ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, முன்னாடி மட்கார்டுல நீலமா என்னமோ ஒட்டியிருக்கு" என்றாள். கேட்டில் உரசியிருக்கும் என்றேன். எங்கள் வீட்டு கேட் பச்சை. அவள் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மண்ணெண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து துடைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷமாக இவள் எதையும் முழுசாகக் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் நானும் பதில் சொல்லித் தொலைப்பேன்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஊரில் யாருமே விதி சொல்லிக் கொடுப்பதில்லை. ஹாரன் அடித்தால் ஒதுங்க வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று யோசித்துக்கொண்டு நடுவில் நிற்கக்கூடாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கிரமம். என் ஸ்கூட்டரில் எவனோ காற்றைப் பிடுங்கிவிட்டான்.

நான் யார் என்று இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கோதண்டபாணி, பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருஷம் பணி ஆய்வாளர். ஊரார் மரியாதைக்கு ஓவர்சியர் என்பார்கள். தினம் டைரி எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கின உத்தியோகம். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கையெழுத்துப் போட ஆளில்லை, எழுதுகிற பழக்கம் மட்டும் விடவில்லை. ஒரு நாள்கூட வேலைக்குக் குடித்துவிட்டுப் போனதில்லை. ஞாயிறு மட்டும்தான். அதையும் பட்டப்பகலில், பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் மூன்றரைக்கு எழுந்துவிடுவது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற கலியமூர்த்தி மட்டும் துணை. நாலு மணிக்கு வீட்டில் கறிக்குழம்பு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மெயின் ரோடு பக்கம் போவதே இல்லை. பாலத்தடியில் போலீஸ் நின்று ஊதச் சொல்கிறது. அறுபத்தொரு வயதுக்காரனை நடுரோட்டில் நிறுத்தி, வாயைத் திற என்பது என்ன பண்பாடு? அதனால் வாய்க்கால் கரை வழி. நாலு கிலோமீட்டர். அந்தக் கரையை உயர்த்திக் கட்டும்போது பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. எல்லா ஞாயிறும் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன்: பத்திரமாக வந்து சேர்ந்தேன். எவன் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும்.

இன்றைக்குப் பாரை விட்டு வெளியே வந்தால் பின் சக்கரம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. "எவன்டா இது, அப்பன் வீட்டு வண்டியா?" என்று கத்தினேன். பாரில் இருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் சுண்டல் விற்கிற தனக்கொடி மட்டும்தான் மரியாதை தெரிந்தவள். "மினி பஸ்சு வர்ற நேரந்தான் அய்யா, ஓடிப்போய் ஏறிக்குங்க" என்றாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரே, கம்பிய நல்லா புடிச்சுக்கங்க" என்றான். பெரியவராம். கொதிக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

பஸ்ஸில் போய் வண்டியை எடுத்தேன். பாருக்கு எதிரே பஞ்சர் கடை இப்ராகிம். தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "பஞ்சர் இல்ல ஓவர்சியர் சார். காத்துதான் எறங்கியிருக்கு" என்றார். ஏன் இறங்கியது என்றால், "வெயிலு" என்கிறார். வெயிலுக்கு எனக்கு மட்டும்தான் காற்று இறங்குமா?

பிப்ரவரி 13, வியாழன்

ரேஷனில் பருப்பு வரவில்லை. திங்கட்கிழமை வரச்சொன்னார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மறுபடியும். மறுபடியும் பின் சக்கரம்.

இன்றைக்கு வண்டியைச் சுவரோரமாக, எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருந்தேன். தனக்கொடியின் கூடையிலிருந்து பத்தடி தூரம். உள்ளே போகும்போதுகூட அவள் கேட்டாள்: "அய்யா, இன்னிக்கும் கரை வழியாத்தான் போறீங்களா?" ஆமாம் என்றேன். "யாரும் வண்டியத் தொடாம பாத்துக்க" என்றும் சொன்னேன். தலையாட்டினாள். அவளுடைய பச்சைப்பயறு சுண்டல் நன்றாக இருக்கும், மாங்காய்த் துண்டு போட்டுத் தருவாள். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அளவு மீறவில்லை. பாட்டிலைத் திறந்தது கலியமூர்த்தி. மூடியதாக நினைவில்லை.

வெளியே வந்து பார்த்தால் நாசம். "நீ பாக்கலயா?" என்று தனக்கொடியைக் கேட்டேன். "யாவாரத்துல கவனிக்கல அய்யா" என்றாள். நானே குனிந்து வால்வு மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு பயறு உருண்டு கீழே விழுந்தது. சம்பா அறுத்து வயலெல்லாம் பயறு விதைத்திருக்கிற காலம். மூட்டை ஏற்றிப் போகிறவர்கள் ரோடு முழுக்கச் சிந்திக்கொண்டே போகிறார்கள். கண்ட இடத்திலும் பயறு.

பிப்ரவரி 18, செவ்வாய்

புஷ்பவல்லியிடம் புலம்பினால், "நல்லதாப் போச்சு, பஸ்லயே வாங்களேன்" என்கிறாள். பதினொரு வருஷம் வண்டி ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா?

அதோடு விடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "மதகடித் தெருவுல ஒரு பொண்ணு, அபிநயான்னு, பத்தாவது படிக்குது. வலது கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்காம். இன்னும் ஒரு மாசத்துல பரீட்சை. பாவம்" என்றாள். எனக்கு எதற்கு இந்தச் செய்தி? ஊரில் கை உடைந்தவர்களின் கணக்கெல்லாம் நானா வைத்திருக்கிறேன்? இப்போதைய பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கின்றன, விழுகின்றன.

அன்றைக்கு அந்த சைக்கிள் விழுந்தது உண்மைதான். நான் திரும்பிப் பார்க்காமல் வரவில்லை. பார்த்தேன். அது எழுந்துவிட்டது. எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். எழுந்திருக்காவிட்டால் நிறுத்தியிருப்பேன். நின்று என்ன ஏது என்று கேட்டால் கூட்டம் கூடும், ஊது என்பார்கள். எழுந்த பிறகு என்ன?

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பல்லி கத்துகிறது. விளக்கை அணைக்க வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். இப்ராகிம்தான்.

யோசித்துப் பார்த்தால் வெட்டவெளிச்சம். இன்றைக்கு எனக்கு மட்டுமில்லை, கலியமூர்த்தி வண்டிக்கும் காற்று இல்லை. செங்கல் சூளைக்காரர் வண்டி, அச்சுக்கூடக்காரர் வண்டி, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. கரை வழியாகப் போகிற நாலு பேர் வண்டியும். இதில் லாபம் யாருக்கு? காற்றடிக்கிறவருக்குத்தானே!

நேரே போய்க் கேட்டேன். "பாய், பொழைக்கறதுக்கு வேற வழி கெடைக்கலையா உமக்கு?" என்றேன். இப்ராகிம் டயரைக் கீழே வைத்தார். "என்ன சார் சொல்றீங்க?" "நீர் காத்தப் புடுங்கறீர், நீரே அடிக்கிறீர்." அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஓவர்சியர் சார், இருபது வருசமா இந்த எடத்துல ஒக்காந்திருக்கேன். நாளைக்கு நிதானமா இருக்கும்போது வந்து இதையே சொல்லுங்க" என்றார்.

நிதானமாம்! நான் எந்த நிதானத்தில் இல்லை? ஒரு வார்த்தை குழறினேனா? அவர் கடையில் இனிமேல் காற்றடிப்பதில்லை. கலியமூர்த்தியும் அடிக்க மாட்டான். எதிரே சுண்டல் கூடையோடு தனக்கொடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. சண்டை என்றால் பயப்படுகிற பெண்பிள்ளை.

பிப்ரவரி 24, திங்கள்

வண்டியை முக்கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் வேறு கடையில் காற்றடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நிதானமாக இருக்கும்போது வரச்சொன்னாரே, போகவில்லை.

வால்வு மூடிக்குள் இன்றைக்கும் ஒரு பயறு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பார்த்தேன். பயற்றை மூடிக்குள் போட்டுத் திருகினால் அது வால்வுக்குள் இருக்கிற ஊசியை அமுக்குகிறது. காற்று புஸ்ஸென்று சத்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மூன்று மணி நேரத்தில் சுத்தம். சத்தமும் இல்லை, சாட்சியும் இல்லை. செய்தவன் மடையன் இல்லை. இவ்வளவு மூளையை நல்ல காரியத்துக்குச் செலவழித்தால் நாடு உருப்படும்.

மார்ச் 2, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்றைக்கு உள்ளே போவதுபோல் போய், பின்வாசல் வழியாக வெளியே வந்து, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தனக்கொடி கூடையை ஈரத்துணியால் மூடினாள். எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு, நேரே என் வண்டிக்கு வந்து குந்தினாள்.

"ஏய், என்ன பண்றே?"

திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். மூடியை முழுசாகத் திருகி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"காத்து புடுங்கறேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரை அய்யா கேக்கணும்?"

என் சத்தத்தில் பாரே வெளியே வந்துவிட்டது. கலியமூர்த்தி, சூளைக்காரர், பாரை எடுத்து நடத்துகிறவர், எதிர்க் கடையிலிருந்து இப்ராகிம். நான் எல்லாரையும் பார்த்துச் சொன்னேன்: பாருங்கள், ஒரு மாதமாக என்னைப் பஸ்ஸில் ஏற்றி அவமானப்படுத்தியவள் இவள்தான், இவளிடம் வாரா வாரம் நான் சுண்டல் வாங்கினேன். அவள் கூடைக்கு அடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்து நீட்டினாள். உள்ளே என் ஸ்கூட்டர் கண்ணாடி. மூலையில் ஒரு விரிசல்.

"உங்களுதுதானே? மதகுகிட்ட கெடந்துச்சு. எம் பொண்ணு சைக்கிளுக்கு அடியில."

கலியமூர்த்தி கண்ணாடியையும் என் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மணிக்கட்டுல ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. வலது கை. பத்தாவது படிக்குது அய்யா. வெள்ள ஸ்கூட்டருன்னு மட்டும்தான் அதுக்குத் தெரிஞ்சுச்சு. அடுத்த ஞாயிறு அந்த வண்டி இங்க வந்து நிக்குது, ஒத்தக் கண்ணாடியோட."

"அவ எழுந்திரிச்சிட்டாளே!" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. தனக்கொடி என் முகத்தையே பார்த்தாள்.

"எந்திரிச்சதப் பாத்தீங்களா? அப்ப பாத்திருக்கீங்க. நான் இத்தன நாளு, அய்யா பாத்திருக்க மாட்டாரு, பாத்திருந்தா நிறுத்தியிருப்பாருன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"போலீஸ்ல போய்ச் சொல்றதுதானே! வண்டியில கை வைக்கிறதுதான் வழியா?"

"சொன்னா? பார் வாசல்ல நீ என்னா பண்றேன்னு மொதக் கேள்வி எனக்குத்தான். ஞாயிறு மூணரைக்கு டியூசன் விடுது. சைக்கிள் ஓட்ட முடியாது, நடந்துதான் வருது. கரையில வேற ஆளு நடமாட்டம் இல்ல. நீங்க நாலு பேரும் எந்திரிக்கிறதும் அதே மூணரைக்கு. யாவாரத்த விட்டுட்டு நான் போவ முடியாது. குடிக்காதீங்கன்னு சொன்னா நீங்க கேப்பீங்களா? வண்டிய வச்சுட்டுப் போங்கன்னா கேப்பீங்களா? அதான். பஸ்ல போனா நீங்களும் பத்திரமா போறீங்க, அதுவும் பத்திரமா வருது." அப்புறம் இப்ராகிம் பக்கம் திரும்பி, "பாய், உங்க மேல பழி வந்ததுக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க" என்றாள்.

பார்க்காரர் அவள் கூடையைத் தூக்கி ரோட்டில் வைத்தார். வண்டியில் கை வைக்கிறவளை வாசலில் வைத்திருந்தால் எவன் வருவான் என்றார். அவளை அனுப்பு என்று நான் சொல்லவில்லை. "இதையெல்லாம் கேக்க மாட்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். அது வேறு, இது வேறு.

பஸ்ஸில்தான் வந்தேன். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

புஷ்பவல்லி ஒன்றுமே கேட்கவில்லை. அரைக் கேள்விகூடக் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். இன்னொருவர் வண்டியைத் தொடுவது குற்றமா இல்லையா? அதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

மார்ச் 6, வியாழன்

வண்டியை எடுத்துவந்து கண்ணாடியை நானே மாட்டினேன். விரிசல் இருந்தாலும் தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

வெளியே வந்தேன். சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன். கல்லுப் போல இருந்தது. வாசலில் சுண்டல் கூடை இருந்த இடம் காலி. எனக்கு ஜெயம் என்றுதான் நினைத்தேன். கலியமூர்த்தி தோளில் தட்டினான்.

கரை வழியாக வந்தேன். நல்ல வெயில். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் பயறு கணுக்காலுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. மதகு வளைவுக்கு முன்னால் ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள். முதுகில் பை, வலது கை கழுத்திலிருந்து தொங்குகிற துணியில். நான் ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கத் தேவையே இல்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கரைச்சரிவில் சறுக்கி இறங்கி, பயற்றங்காட்டுக்குள் போய் நின்றுகொண்டாள். முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் என்ன புலியா? நான் பாட்டுக்கு என் ஓரத்தில் வருகிறேன். வேகத்தைக்கூடக் குறைத்தேன். அவளுக்கு நான் யார் என்றுகூடத் தெரியாது. இப்படித்தான் எந்த ஸ்கூட்டர் வந்தாலும் இறங்கி நிற்கிறாளா? என் துறை கட்டின கரை அது. நடப்பதற்கென்றே பன்னிரண்டடி விட்டுக் கட்டினோம். அதில் ஒரு பள்ளிக்கூடப் பெண் காட்டில் இறங்கி நிற்க வேண்டுமா?

தாண்டிய பிறகு இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். இடது கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தாள். புல் பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் சறுக்கினாள். மறுபடியும் பிடித்தாள். விரிசலில் இரண்டு பெண்ணாகத் தெரிந்தாள்.

நிறுத்தினேன். வண்டியிலிருந்து இறங்கலாம் என்று காலை ஊன்றினால் கால் சரியாக நிற்கவில்லை. அதற்குள் அவள் ஏறிவிட்டாள். என் முதுகையும் என் வண்டியையும் பார்த்ததும், போக மாட்டான்போல என்று அங்கேயே நின்றாள். நான் கிளம்பும் வரைக்கும் நின்றாள்.

கறிக்குழம்பு இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று நேற்று எழுத மறந்துவிட்டேன். இன்றைக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன்.

மார்ச் 12, புதன்

பஸ் நிலையத்தில் தனக்கொடியைப் பார்த்தேன். கழிப்பறைச் சுவரோரமாகக் கூடையை வைத்திருக்கிறாள். பத்துப் பேர் தாண்டிப் போனால் ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் போனதும் பொட்டலம் மடிக்கக் காகிதத்தை எடுத்தாள். நான் வேண்டாம் என்றேன்.

"பார்காரர்ட்ட பேசிட்டேன். நீ பழைய எடத்துக்கே வந்துடு" என்றேன். பேசினது உண்மை. காலையில் போய் அவரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டேன்.

"வந்து?"

"யாவாரம் பண்ணு."

"காத்து?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்வியா இது?

"ஞாயித்துக்கெழம இனிமே யாவாரம் கெடையாது அய்யா. போன வாரம் எடம் தேடி அலைஞ்சதுல போவ முடியல. காலெல்லாம் முள்ளோட வந்து நின்னுச்சு. இனிமே டியூசன் வாசல்ல நின்னு நானே கூட்டியாரணும். பரீட்சை முடியற வரைக்கும்."

"ஞாயிறுதானே உனக்கு ஓட்டமான நாளு?"

"ஆமா" என்றாள். அவ்வளவுதான். திட்டினால்கூடத் தேவலை. பதிலுக்கு நானும் ரெண்டு சொல்லிவிட்டு வந்திருப்பேன். இவளோ, "வெயிலா இருக்கு, நெழல்ல நில்லுங்க அய்யா" என்கிறாள். என்ன திமிர்!

மார்ச் 16, ஞாயிறு

காலையில் அடுக்களையில் பயறு டப்பாவைத் தேடினேன். புஷ்பவல்லி சத்தம் கேட்டு வந்தாள்.

"சுண்டல் போடணுமா?"

"இல்ல."

நான் ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நாலு வண்டிக்கு இம்மாம் பயறு எதுக்குங்க?" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்ட முதல் முழுக் கேள்வி இது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அப்படியென்றால் அத்தனையும் இவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? கேட்டிருந்தால் என்ன?

கலியமூர்த்தியை முன்னே பாருக்குள் அனுப்பிவிட்டு என் வண்டியின் பின்னால் குந்தினேன். இந்த வயதில் குந்தினால் முட்டி சொல்கிற பேச்சைக் கேட்க முடியாது. என் வண்டிக்கு ஒன்று. கலியமூர்த்தி வண்டிக்கு ஒன்று. சூளைக்காரர் வண்டிக்குப் போடும்போது பயறு கைநழுவிக் கீழே விழுந்தது. தேடிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு நிழல். இப்ராகிம்.

பிடிபட்டுவிட்டேன். எழுந்திருக்கவும் முடியவில்லை.

"அது வால்வு நடுவுல ஒக்காரணும் சார். சாஞ்சிருந்தா எறங்காது" என்றார். அவரே குனிந்து சரியாக வைத்துத் திருகினார். நாலாவது வண்டியையும் அவரே பார்த்துக்கொண்டார்.

"பாய், அன்னிக்கு நான் சொன்னது…"

"நிதானமாத்தான் இருக்கீங்க. இப்பச் சொல்லுங்க."

"தப்பு" என்றேன். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவர் தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அப்புறம் குடிக்கவில்லை என்று எழுதினால் பொய். குடித்தேன். மூன்றரைக்கு எல்லாரும் வெளியே வந்தோம். கலியமூர்த்தி தன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "எவன்டா இது, அப்பன் வீட்டு வண்டியா?" என்று குதித்தான். சுண்டல்காரியைத்தான் விரட்டியாகிவிட்டதே, இன்னும் எவன் இருக்கிறான் என்று சூளைக்காரர் கேட்டார். நானும் சேர்ந்து திட்டினேன். மற்றவர்களைவிட நன்றாகவே திட்டினேன். அவர்களை மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் ஏறவில்லை.

கரையில் நடந்தேன். நாலு கிலோமீட்டர். அந்தக் கரையில் நடந்தே வருஷக்கணக்காகிவிட்டது. பள்ளங்கள் எல்லாம் எனக்குத் தெரியும் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பள்ளம் ஒன்றுகூட அங்கே இல்லை. புதிதாக வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. இரண்டு முறை தடுக்கினேன்.

மதகு வளைவில் தாயையும் மகளையும் எட்டிப் பிடித்தேன். தனக்கொடி மகளின் பையைச் சுமந்துகொண்டு நடந்தாள். பெண்ணுக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு மெலிந்து, தோல் வெளுத்து, இடது கையோடு சேராமல் இருந்தது. ஒரு சின்ன ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே நடந்தாள். தனக்கொடி என்னைப் பார்த்தாள். என்னிடமிருந்து வந்த வாடையும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை, இவர்தான் அது என்று ஒரே ஒரு வார்த்தை மகளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். நான் தனியாக நடந்து வருகிற யாரோ ஒரு கிழவன், அவ்வளவுதான் அவளுக்கு. பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டு, எனக்குப் பின்னால் கரையை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"தாத்தா, பின்னாடி வண்டி ஏதாச்சும் வருதா?"

"வராதும்மா" என்றேன். "ஒண்ணும் வராது. நடுவுலயே நட."